ஐந்தாவது பாட்டில்

என் சண்டைக்கார அண்ணா,

இன்று ஒரு கையெழுத்தைப் போடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மறைமலை நகரில் ரயிலேறிவிட்டேன். ஊரப்பாக்கம் தாண்டியும் மேனேஜரிடமிருந்து ஃபோன் வரவில்லை. நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா? இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

டயாலிசிஸ் மிஷினுக்காக எங்கள் கம்பெனி செய்யும் பிரஷர் சென்சாரை உனக்குக் காட்டியிருக்கிறேன். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதன் முகத்தில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய எஃகுத் தகடு. எந்தெந்தத் திரவத்தை அந்தத் தகடு தாங்கும் என்று ஊறவைத்துப் பார்ப்பது என் வேலை. மிஷின்காரர்கள் கொடுத்த பட்டியலில் மிஷினைக் கழுவும் திரவங்கள் நான்கு. நான்கிலும் பாஸ்.

தாம்பரம் டயாலிசிஸ் சென்டரில் வாரத்துக்கு மூன்று நாள் மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்து வந்த நீ, ஒருநாள் சொன்னாய்.

"ஏய் விமலா, நீங்க பேப்பர்ல எழுதுறது ஒண்ணு, இங்க மிஷினைக் கழுவ ஊத்துறது ஒண்ணு. வெள்ளம் வடிஞ்சதும் தெருவுல பிளீச்சிங் பவுடர் போடுவாங்களே, அதே வாசனை. கேட்டா, 'பழைய மருந்து ஸ்டாக் இல்ல சார், இப்போதைக்கு இதான்'ங்கிறாங்க. உன் லிஸ்ட் ஏட்டுச் சுரைக்காய்தான், போ!"

"நீ பேஷன்ட். பேஷன்ட்டா இரு" என்றேன். இந்த வாயை என்ன செய்வது, அண்ணா? நீ சிரித்துவிட்டு டிவியைப் போட்டாய்.

நீ போனது மாரடைப்பால்தான், மிஷினால் இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். நம்புகிறேன். ஆனாலும் உன் காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்றே, ஐந்தாவதாக ஒரு பாட்டிலில் குளோரின் கரைசலை ஊற்றி மூன்று சென்சார்களை ஊறப்போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை எடுத்துப் பார்த்தால், தகடு முழுக்க ஊசி குத்தினாற்போலப் புள்ளிகள். எதுவும் அழுத்தாமலே சென்சார் அழுத்தம் காட்டுகிறது. இந்தப் பொய்யை நம்பி மிஷின் அடிக்க வேண்டிய அலாரத்தை அடிக்காவிட்டால், நாற்காலியில் இருப்பவர் கதி என்ன? இதற்குள் சென்சார்களைப் பெட்டி கட்டிவிட்டார்கள். லாரி வாசலில் நின்றது. அனுப்பலாம் என்று நான் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி; மாட்டேன் என்றேன்.

மேனேஜர் கத்தினார். "கஸ்டமர் கேட்டது நாலு. அஞ்சாவதை யாரும்மா கேட்டா?"

"எங்க அண்ணன் கேட்டாரு சார்."

"உங்க அண்ணனா? அவர் என்ன, மிஷின் கம்பெனில இன்ஜினியரா?"

"இல்ல சார். டயாலிசிஸ் ரூம்ல மூணாம் நம்பர் சேர்."

சென்சாரை எடுத்து நகத்தால் தடவிப் பார்த்தார். "லாரி நிக்கட்டும். நீ வீட்டுக்குப் போ. மேல பேசிட்டுச் சொல்றேன்" என்றார்.

இதோ, வண்டலூரில் மேனேஜர் ஃபோன் அடித்துவிட்டார். "லாரியைத் திருப்பிட்டாங்க விமலா. நாளைக்கு அந்த டயாலிசிஸ் ரூமுக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. இன்னும் என்னென்ன ஊத்துறாங்கன்னு பார்க்கணும்." வேலையைப் பற்றிக் கேட்க மறந்தே போனேன். ரயிலில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

நாளை உன் நாற்காலியில் வேறு யாராவது இருப்பார். "இங்க என்ன வாசனை வருது சார்?" என்று கேட்பேன். அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் வாயாடித் தங்கை,
விமலா