மூன்றாம் பங்குதாரரின் பின்னணி

இன்று தை மாதம் பதினேழாம் நாள், வியாழக்கிழமை. எனக்கு எழுபத்தொன்பது வயது, நான்கு மாதம், ஆறு நாள். ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. அதுதான் இப்போது எனக்குத் தொல்லை.

காலையில் உங்கள் மகள் மலர்விழி கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். மங்கிய ஊதாத் தட்டச்சு எழுத்தில் ஒரு கார்பன் நகல். நம் நிறுவனம் முதல் வேலைக்கு விண்ணப்பித்தபோது நீங்கள் எழுதிய பின்னணிக் குறிப்பு அது. உங்கள் பெட்டியில் கிடந்ததாம். நிறுவனத்தை இப்போது சென்னையில் அவள் நடத்துகிறாள். இணையதளத்தில் பங்குதாரர்களின் பணிப் பின்னணியைச் சொல்லும் பக்கத்தில் அந்தக் குறிப்பை அப்படியே போட விரும்புகிறாள். நகலில் கையெழுத்து இல்லாததால், அன்று விண்ணப்பத்தை வாங்கிய வங்கியிடம் எழுதிக் கேட்டுப் பழைய கோப்பை வரவழைத்துவிட்டாள்.

"உறைய இன்னும் பிரிக்கல அத்தை. நாளைக்கு எடுத்துக்கினு வரேன். ரெண்டு பேரும் சேந்து பாப்போம்" என்றாள், பண்டிகைக்கு வருபவளைப் போல.

அந்த உறையைப் பிரித்தால் அவள் உங்களைப் பொய்யர் என்று நினைப்பாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். தொலைபேசியை மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் வைத்துவிட்டேன். அவளிடம் சொல்ல வராததை உங்களிடம் சொல்லிப் பழகலாம் என்று எழுதுகிறேன். நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது ஒரு வசதி.

கள்ளக்குறிச்சியில் உரக்கடைக்கு மேலிருந்த நம் ஒற்றை அறையை நினைத்துக்கொள்கிறேன். 'பொருளாதார ஆலோசகர்கள்' என்று பலகை மாட்டிய முதல் வாரம் ஒரே ஒருவர் படியேறி வந்தார். "ஆலோசனன்னா இன்னாங்க, ஜாதகம் பாக்கிறதா?" என்று கேட்டார். "அதவிடக் கொஞ்சம் நம்பலாங்க" என்றீர்கள். அவர் நம்பாமல் இறங்கிப் போனார்.

நம் மூவரின் பின்னணியும் ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு ஏற்றதென்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பதினோரு ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் விரிவுரையாளராக இருந்து, முதல்வரோடு சண்டையிட்டு வேலையை விட்டவள். திரும்பிப் போக வழியில்லை. அந்தோணிசாமி சர்க்கரை ஆலையில் கரும்பு அலுவலராக இருந்தவர். கச்சிராயபாளையம் பக்கத்து விவசாயிகளின் முகத்தைவிட அவர்கள் தோட்டம் அவருக்கு நன்றாகத் தெரியும். கல்லூரியில் கற்பித்த என்னைக் கடைசிவரை 'டீச்சரம்மா' என்றே அழைத்தார். நீங்கள் அரசின் புள்ளியியல் ஆய்வாளராக இருந்து பணிநீக்கம் செய்யப்பட்டவர்.

கல்வராயன் மலையில் எதற்குக் கடன் கொடுக்கலாம், சாமைக்கா, புளிக்கா, கடுக்காய்க்கா என்று ஆராயச் சென்னையில் ஒரு வங்கி ஆள் தேடியது. ஒவ்வொரு பங்குதாரரின் பணிப் பின்னணியும் தனித்தாளில், அவரவர் கையெழுத்தோடு வேண்டுமென்றார்கள். என்னுடையதும் அந்தோணிசாமியுடையதும் அரைமணி நேரத்தில் முடிந்தன. நீங்கள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு ஐந்து வரி எழுதித் தட்டச்சு செய்தீர்கள். விளைச்சலை மதிப்பிட வயலில் கயிறு கட்டி, அந்தச் சதுரத்தை அறுத்து எடைபோட வேண்டும் என்பது விதி. மழையில் பாதை அறுந்த ஒரு பருவத்தில் நீங்கள் மலை ஏறாமலே ஆறு கிராமங்களின் படிவங்களை மேசையில் உட்கார்ந்து நிரப்பியிருந்தீர்கள். பொய்த்துப்போன சாமை உங்கள் படிவத்தில் விளைந்தது. அதனால் மலைக்கு நிவாரணம் போகவில்லை. அதற்காகவே நீக்கப்பட்டேன் என்று ஒளிவில்லாமல் எழுதியிருந்தீர்கள்.

அந்தோணிசாமி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதப் படிச்சா வேல குடுப்பானா, போலீஸக் கூப்புடுவானா?"

"சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார் என்று ஒரு வரி போதாதா?" என்றேன் நான்.

"இன்னா மேடம் நீங்களே இப்படி? ஏறாம எழுதுனவன் நானு. இந்த தபா ஏறுவேன்னு அவன் நம்பணும்னா அத மொதல்ல சொல்லணும். எங்கிட்ட வேற இன்னா தகுதி கீது?"

எனக்குப் பயமாக இருந்தது. அந்த வேலை கிடைக்காவிட்டால் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான் என்பது மூவருக்கும் தெரியும்.

விண்ணப்பம் போய்ச்சேர வேண்டிய கடைசி நாளுக்கு மூன்று நாள் இருந்தபோது சாலைகள் நின்றுபோயின. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள், தபாலும் நகரவில்லை. அந்தக் கோரிக்கையைப் பற்றி நம் மூவருக்கும் மூன்று கருத்துகள் இருந்தன. பொருளாதார ஆலோசகர்கள் என்ற பலகைக்கு அன்றுதான் தகுதி பெற்றோம்.

திருக்கோவிலூர் வழியாகச் சுற்றிப் போகலாம் என்றீர்கள். "டீச்சரம்மா வரட்டும். ஆம்பளைங்க மட்டும் போனா எந்த ஊரு, இன்னா ஆளுன்னு நோண்டுவாங்க" என்றார் அந்தோணிசாமி. அவருடைய மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்குத்தான் இடம். நீங்கள் உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என் கையில் தந்தீர்கள்.

வழியில் ஒரு மரத்தடுப்பில் நிறுத்தினார்கள். "பையில இன்னாம்மா?" என்று துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒருவர் கேட்டார்.

"வேலைக்குப் போட்ட மனு. மூன்று பேருடையது."

"நாங்களும் அதுக்குத்தான் வெயில்ல குந்திக்கினு கீறோம். போங்க, போங்க" என்று கிளையைத் தூக்கிவிட்டார்.

திருக்கோவிலூரில் என்னை இறக்கிவிட்டு அந்தோணிசாமி திரும்பினார். திருவண்ணாமலை வழியாகச் சென்னை போகும் பால் லாரி ஒன்றில் இடம் கிடைக்கும்வரை அங்கே ஆறு மணி நேரம் தனியாகக் காத்திருந்தேன். மறுநாள் உறையை வங்கியில் சேர்த்தேன்.

நேர்காணலுக்கு மூவரையும் அழைத்தார்கள். அதிகாரி உங்கள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மலையில் முன் அனுபவம் பற்றிக் கேட்டார். "அதான் குறிப்புலயே எழுதிக் குடுத்துட்டேனுங்க. அதுக்கு மேல மறைக்க ஒண்ணுமில்ல" என்றீர்கள். அவர் தாளைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். என் புடவைத் தலைப்பு கைக்குள் நனைந்துவிட்டது. "இப்ப மலை ஏறிடுவீங்களா?" என்றார். "கட்டாயம் ஏறுவேங்க" என்றீர்கள். அவர் அடுத்த தாளுக்குப் போனார்.

வேலை கிடைத்தது. நீங்கள் ஏறினீர்கள், ஒரு வீடு விடாமல். முதல் கிராமத்திலேயே, கேட்காதவர்களிடம்கூட, "போன தபா வராமலே எழுதுனது நான்தானுங்க" என்று சொன்னீர்கள். நான் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் முறத்தை நிறுத்தாமல், "இந்த தபாவாவது வந்தியே, குந்து" என்றாள். நீங்கள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

அதன்பின் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் ஒரே கதை. "உண்மைய எழுதுனோம், வேலையக் குடுத்தாங்க. நம்ம கம்பெனிக்கு அதான் அஸ்திவாரம்" என்பீர்கள். மலர்விழி அதைக் கேட்டு வளர்ந்தவள். நீங்கள் அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நான் எதையாவது எடுத்துவர எழுந்து போயிருக்கிறேன்; நீங்கள் கவனித்ததில்லை. இப்போது நீங்களும் இல்லை. அந்தோணிசாமி உங்களுக்கு முன்பே போனார். நாளைக்கு அவள் நகலையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். வீட்டில் காட்ட ஒரு குறிப்பு, வங்கிக்குக் கொடுக்க ஒரு குறிப்பு என்று அப்பா இரண்டு எழுதினார் என்று முடிவு கட்டுவாள். அவள் வேறென்ன நினைக்க முடியும்?

அவள் கை உறையில் படுமுன் சொல்லவேண்டியது இது. திருக்கோவிலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு தட்டச்சுப் பயிலகம் திறந்திருந்தது. மறியலால் பயில வருபவர்கள் வரவில்லை. இயந்திரங்கள் சும்மா இருந்தன. நீங்கள் ஒட்டிய உறையைப் பிரித்தேன். 'உடல்நலக் காரணத்தால் சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்' என்று வேறொரு தாள் அடித்தேன். பெற்றோர் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு வந்த மாணவர்களைப் பதினோரு ஆண்டு பிடித்தவள் நான்; தயங்கித் தயங்கிப் போட்டதால்தான் அவர்கள் மாட்டினார்கள். உங்கள் கையெழுத்தை நான் தயங்காமல் போட்டேன். நீங்கள் எழுதிய தாளைக் கிழித்து, அங்கேயே குப்பைக் கூடையில் போட்டேன்.