ஆப்பிரிக்கா போய்ச் சேருவதற்குள்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு வேறெங்கோ போய்விட்டது. துணி காய்ந்தது. இன்றைக்கு உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

இவர் மறுபடியும் திட்டத்தை மாற்றிவிட்டார். ஜூனில் போகிற பயணம். முதலில் பேசியது: போட்ஸ்வானா காட்டில் மூன்று இரவு, கேப் டவுனில் நான்கு. போன வாரம் காடு நான்கு, டவுன் மூன்று என்றார். இன்று வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, "டவுன்ல என்னலா இருக்கு? கட்டடம், ரோடு, ஷாப்பிங் மால். அதான் ஈப்போலயே இருக்கே. ஒரு நாள் போதும்."

ஒரு நாளாம்!

அங்கே என்ன இருக்கிறது என்று இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கு. இருக்கிறான். எங்கள் ஒரே பையன். இந்த வீட்டில் அவன் பெயரைச் சொன்னாலே முகம் சுருங்கிவிடுகிறது, அதனால் எழுதும்போதும் கை சுருக்கியே எழுதுகிறது. அங்கேயே வேலை. அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்து ரிஜிஸ்டர் கல்யாணம். எங்களுக்கு வாட்சாப்பில் போட்டோ. அன்றைக்கு இவர் போனில், "எனக்குப் பையனே இல்ல" என்றார். இரண்டு வருஷம் ஆகிறது. அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சிங்கம் இவருடைய ஆசை. ரிட்டையர் ஆனதிலிருந்து டிவியில் மிருகங்களோடுதான் குடித்தனம். எனக்குச் சிங்கமும் வேண்டாம், சிறுத்தையும் வேண்டாம். என் பையன் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணையும் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் காடு மேடுக்கெல்லாம் தலையாட்டினேன்.

தக்காளி வாங்க மறந்தாச்சு.

மார்ச் 5, வியாழன்

மத்தியானம் வெயிலில் ஈப்போ டவுனுக்குப் போனோம். பார்க்கிங் கிடைக்காமல் மூன்று சுற்று. டிராவல் ஏஜன்ட் பிரேமாவின் ஆபீஸ். நம் தமிழ்ப் பெண்தான், பொறுமைசாலி. எனக்கு அந்தப் பொறுமையில் பாதி இருந்தால் இந்த டைரியே தேவைப்படாது.

காட்டு விடுதியின் படங்களைக் காட்டினாள். கூடாரமாம். உள்ளே கட்டில், சோபா, ஏர்கான், வெளியே மரத்தரை, மரத்தரையில் குளிக்கிற தொட்டி.

"அங்கிள், இது அவுட்டோர் பாத். வானத்தைப் பாத்துக்கிட்டே குளிக்கலாம்."

இவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிப் பார்த்தார். "சித்தியவான் எஸ்டேட்டுல, லயத்து வரிசை வீட்டுக் குழாயடியில நாங்க அப்படித்தான் குளிச்சோம். அப்ப யாரும் அதுக்கு லக்சரின்னு பேரு வைக்கலலா."

பிரேமா சிரித்தாள். முதல் தடவை கேட்கிறாள், பாவம்.

அடுத்த கூத்து, பெயர். நம் மலேசியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் ஏது? இவர் மாணிக்கம் ஏ/எல் ரெங்கசாமி, அதாவது ரெங்கசாமியின் மகன். நான் ஏ/பி கந்தசாமி, கந்தசாமியின் மகள். அந்த ஊர்க்காரர்கள் கடைசியில் நிற்பதைத்தான் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார்களாம். அதனால் விடுதியில் 'மிஸ்டர் ரெங்கசாமி', 'மிஸ் கந்தசாமி'. பெயர் வேறு வேறாக இருக்கிறதே என்று மரியாதைக்குத் தனித்தனிக் கூடாரம் ஒதுக்கிவிட்டார்கள்.

"எங்கப்பா செத்து எத்தன வருஷமாச்சு! அவரைப் போயி சிங்கம் பாக்கக் கூப்பிடுறானுங்க!"

"தனிக் கூடாரம் இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். குறட்டை இல்லாமல் காட்டிலாவது தூங்கலாம். பிரேமா அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு ஒரே கூடாரமாக மாற்றச் சொல்லிவிட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

சாயங்காலம் இவர் கோயில் கமிட்டி மீட்டிங். வண்டி தெரு முனை திரும்பியதும் கு.வுக்குப் போன். அங்கே காலை நேரம். வாராவாரம் இப்படித்தான். இவருக்கும் தெரியும். திரும்பி வரும்போது கேட் பக்கத்திலேயே நின்று இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் போனை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். அறுபது வயதில் இந்த நாடகம் தேவையா எங்களுக்கு?

கு. கேட்டான்: "ம்மா, எத்தனை நாள் இருப்பீங்க?"

ஒரு நாள் என்று சொல்ல வாய் வரவில்லை. "பாத்துக்கலாம்பா. இன்னும் முடிவாகல."

ஹோட்டல் பெயர், பிளைட் நேரம் எல்லாம் கேட்டான், சொன்னேன். அப்பா எப்படி இருக்கார் என்றும் கேட்டான். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று. அந்த அக்கறையை அப்பாவிடமே காட்டினால் என்ன? "அவர்கிட்டயே கேளேன்" என்றேன். "எடுக்க மாட்டார்மா" என்றான். இவனும் அதே ரகம். ஒரே அச்சு.

மார்ச் 11, புதன்

இரவு முழுக்க மழை, இன்று கொசு.

வாங்க வேண்டியவை: மலேரியா மாத்திரை (டாக்டரைக் கேட்டு). ஸ்வெட்டர் இரண்டு. ஜூனில் அங்கே குளிராம், யார் நம்புவார்கள். தொப்பி. பிளக் மாற்றி. இவருக்கு நல்ல புத்தி, கிடைத்தால்.

இவர் தன் பங்குக்கு ஷாப்பிங் போய்விட்டு வந்தார். கட்டில் அளவுக்கு ஒரு பெட்டி, நாலு பக்கமும் சக்கரம். கூடவே பச்சைப் புள்ளி போட்ட சோல்ஜர் கால்சட்டை இரண்டு. பிரேமாவுக்குப் போன் போட்டு விசாரித்தேன். காட்டுக்குப் போவது குட்டி விமானமாம், மெத்தென்ற பைதான் ஏற்றுவார்கள், அதுவும் சின்னது. கால்சட்டை இன்னும் மோசம். "ஆண்டி, அந்த நாட்டுல ஆர்மிக்காரங்க மட்டும்தான் அதைப் போடலாம். போலீஸ் பிடிச்சிடும்."

இவர் கோபம் முழுக்க என் மேல். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" நான் என்ன போட்ஸ்வானா போலீஸா?

நடுவில் பாரிட் புந்தாரிலிருந்து இவர் தங்கை சரோஜாவின் போன். "அண்ணி, அங்க நம்ம அரிசி கிடைக்குமா? ஒரு பத்துக் கிலோ அனுப்பவா? அண்ணனுக்கு ரொட்டி ஒத்துக்காது." பத்துக் கிலோ. குட்டி விமானத்தில். பிறகு குரலைத் தாழ்த்தி, "பையனைப் பாப்பீங்கல்ல?" என்றாள். கேட்டதற்காக அவளை மன்னித்தேன், அரிசி உட்பட.

மார்ச் 14, சனி

வெயில். தலைவலி.

இவர் எனக்குத் தெரியாமல் பிரேமாவுக்குப் போன் செய்து கேப் டவுனை ஓர் இரவாக்கிவிட்டார். ராத்திரி போய் இறங்கி மறுநாள் சாயங்காலம் பிளைட். அவள் என்னிடம் உறுதி செய்யக் கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது.

பொறுக்கவில்லை. டிவிக்கு முன்னால் போய் நின்றேன். பின்னால் ஏதோ ஒரு மான் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் சிங்கம் பாக்க வரல. என் பையனைப் பாக்க வாரேன். நீங்க வேணும்னா காட்டுலயே இருங்க. நான் மட்டும் டவுனுக்குப் போறேன்."

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். இவர் என்னைச் சுற்றி எட்டிப் பார்த்து, "மறைக்காத, நகரு" என்றார்.

சமைக்கவில்லை. இவர் வெளியே போய் மீ கோரேங் நூடுல்ஸ் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பொட்டலம். என்னுடையதில் மிளகாய் குறைத்து. சாப்பிட்டேன், ஆனால் பேசவில்லை.

மார்ச் 16, திங்கள்

இதைக் கோர்வையாக எழுத முடியுமா தெரியவில்லை.

பிரேமா ஆபீஸுக்கு இரண்டு பேரும் போனோம், முகத்தை ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டு. அவள் இவரைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"அங்கிள், கேப் டவுன் ஹோட்டல்லருந்து கூப்பிட்டாங்க. மிஸ்டர் மாணிக்கம் போன் பண்ணாராம். ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்ப வேணாம், நானே வந்து ரெங்கசாமி ஐயாவைக் கூட்டிக்கிறேன்னு சொன்னாராம். உங்களை நீங்களே எப்படி அங்கிள் கூட்டிட்டு வருவீங்க?"

"நான் எப்ப பண்ணேன்? எனக்கு அந்த நம்பரே தெரியாதே! பிரேமா, இது ஏமாத்து வேலை. ஸ்கேம்! கேன்சல் பண்ணுமா! முதல்ல போலீசுக்கு…"

குரல் பக்கத்துக் கடைவரை கேட்டிருக்கும். எனக்குப் புரிந்துவிட்டது. இவனும் ஒரு அவசரக்குடுக்கை! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"ஏங்க. கத்தாதீங்க. அது நம்ம குமரன்."

(எழுதிவிட்டேன். குமரன். குமரன் ஏ/எல் மாணிக்கம்.)

"அவன் எதுக்கு என் பேரைச் சொல்றான்?"

"அவன் சொல்லலங்க. அங்க கடைசிப் பேருதான் ஆளோட பேரு. நீங்க ரெங்கசாமி ஆன மாதிரி அவன் மாணிக்கம் ஆயிட்டான்."

பிரேமா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள், நல்ல பெண். கேன்சல் செய்யச் சொன்னதை இவர் திரும்பச் சொல்லவில்லை. வண்டியில் வீடு திரும்பும்போது பச்சை விளக்கு விழுந்த பிறகும் அப்படியே நின்றார், பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

மேகமூட்டம். காலையில் மார்க்கெட், மீன் விலை அநியாயம். இவர் டிவி போடவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கையைத் தட்டிவிட்டார்.

சாயங்காலம் டீ வைத்தேன். ஆற விட்டார். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு:

"ஆபீஸ்லயும் அவனை அப்படித்தான் கூப்பிடுறாங்களா?"

"ஆமா. ரெண்டு வருஷமா ஊர் முழுக்க அப்படித்தான். உங்க பேரைக் கேட்டுத்தான் அவன் திரும்பிப் பாக்குறான்."

"அந்தப் பொண்ணு?"

"மிஸஸ் மாணிக்கம்."

முப்பத்து நாலு வருஷமாக இவரோடு குப்பை கொட்டுகிறேன், என் ஐ.சி. அடையாள அட்டையில் இன்னும் என் அப்பா பெயர்தான். இவர் வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்ற பெண் இவர் பெயரோடு திரிகிறாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் வந்தது.

"எத்தனை நாள்னு பிரேமா கேட்டா என்ன சொல்றது?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும். அவனுக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்."

"கேட்டாத்தானே தெரியும்!" கத்தியேவிட்டேன். நம்பரை அழுத்தி, போனை இவர் கையில் திணித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். தூறல் ஆரம்பித்திருந்தது. கொடியில் இவர் சட்டைகள். கிளிப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு இருமல். இரண்டு.

"ஹலோ, மிஸ்டர் மாணிக்கமா? இங்கயும் மாணிக்கம்தான் பேசுறேன்."