மாமன் மோந்து பார்த்த வீடு

செப். 18, வியாழன்

மலைப்பக்கம் மேகம். மழை இல்லை. பிளீச்சிங் தொட்டி மூன்றும் ஓடியது. பேண்டேஜ் துணி காயவில்லை, முதலாளி முகம் கடுகடு. செருப்பு வார் அறுந்தது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் தங்கச்சி செல்வி போன். விமான நிலையத்தை ஒட்டித்தான் அவள் வீடு. நேற்றுக் காலை ஒரு விமானம் கிளம்பிய சூட்டோடு திரும்பியதாம். பாரத்தோடு இறங்க முடியாதென்று எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிட்டு இறங்கியிருக்கிறார்கள். "மாடியில காயப்போட்ட துணியெல்லாம் பொட்டுப் பொட்டா எண்ணெய்ண்ணே. கேட்டா, மேலயே ஆவியாயிரும், தரைக்கு வராதுங்காவ." அவள் மகள் மித்ராவுக்கு இழுப்பு. ஏழு வயசுப் பிள்ளை. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறாள்.

செப். 19, வெள்ளி

வெயில். வேலையில் மனசு இல்லை.

போன வருசம் சித்திரை நினைப்பாகவே இருக்கிறது. அந்த வீட்டை வாங்க வேண்டாம், மண்ணெண்ணெய் வாடை வருகிறது என்று செல்வி ஒரே பிடி. மாப்பிள்ளைக்கு வீடு பிடித்துவிட்டது. "புள்ளைக்குத் தாய்மாமன் வந்து சொல்லட்டும், அதுக்கு மேல பேச்சில்ல" என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். மொட்டை மாடியில் நின்றேன். தலைக்கு மேல் விமானம், சக்கரத்தை எண்ணலாம். மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். "ஒரு வாடையும் இல்லட்டி. உன் மனசுலதான் வாடை" என்றேன். மறுவாரம் பத்திரம்.

செப். 20, சனி

புரட்டாசி முதல் சனி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிற பஸ் எல்லாம் கூட்டம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்தார்கள். மித்ரா மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போகிறது. பார்க்க முடியவில்லை.

டாக்டரிடம் காட்ட செல்வி ஒரு துண்டு கொண்டுவந்திருக்கிறாள், அன்று மாடியில் கிடந்தது. பாலிதீன் பையில் கட்டி. முடிச்சை அவிழ்த்ததும் அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி ஓடி வந்தாள். "யாரு, வீட்டுக்குள்ள மண்ணெண்ணெயக் கொட்டுனது?" மித்ரா இருமினாள். நான் துண்டை வாங்கி முகத்தில் வைத்தேன்.

ஒன்றும் இல்லை. வெறும் துண்டு.

பிறகு யாரும் பார்க்காதபோது மோந்தவை: பெருங்காய டப்பா. கற்பூரம். சாமி படத்து மல்லிகை. பெயின்ட் தின்னர். எதுவும் இல்லை.

இருபத்திரண்டு வருசம் தொட்டிப் பக்கம் நின்றிருக்கிறேன். புதிதாக வருகிறவன் ஈரத்துண்டை மூக்கில் கட்டுவான். பழைய ஆட்கள் கட்டுவதில்லை. "மூக்கு பழகிருச்சு" என்போம், பெருமையாக. பிளீச்சிங்குக்கு மட்டும் பழகியது என்று நினைத்திருந்தேன். குழம்பில் மணம் இல்லை என்று எத்தனை நாள் வீட்டுக்காரியை ஏசியிருப்பேன்.

செப். 22, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர். குழந்தைகள் டாக்டர். கூட்டம், இரண்டு மணி நேரம். துண்டைப் பார்த்தார். இதனால்தான் என்று எழுதித் தர முடியாது என்றார். "ஆனா இழுப்பு இருக்கிற புள்ளைய அந்தக் காத்துல வைக்காதீங்க."

வாங்கியது: மூச்சுக்கு இழுக்கும் பம்ப், சிரப், பால்கோவா.

பஸ் ஸ்டாண்டில் மித்ரா பால்கோவாவைப் பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நெய் வாசம் வருதுல்ல மாமா?" ஆமா தாயி என்றேன்.

திரும்பும்போது செல்வி: "நீ மோந்து பாத்தப்ப வாடை இருந்திருக்காதுண்ணே. பொறவுதான் வந்திருக்கும்." எனக்காகப் பேசுகிறாள். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கோழைப்பயல் நான்.

செப். 23, செவ்வாய்

தூறல். செருப்பு இன்னும் தைக்கவில்லை. மாப்பிள்ளை போன். பள்ளிக்கூடம் கெடுகிறதாம், வெள்ளிக்குள் பிள்ளையை அனுப்பச் சொல்கிறார். "நீங்களும் கூட வாங்க மச்சான். இன்னொரு வாட்டி மாடியில நின்னு மோந்து சொல்லிருங்க. நீங்க சொன்னா அவ அடங்கிருவா." போனை வைத்துவிட்டேன். வேலைக்குப் போகவில்லை.

செப். 24, புதன்

மாப்பிள்ளைக்குக் காலையிலேயே போன் போட்டேன். எல்லாம் சொன்னேன். மித்ரா இங்கேதான் படிப்பாள் என்றும் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அப்புறம் செல்வி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர். எனக்கு அந்த வாடைகூடத் தெரியவில்லை. "எனக்கு மூக்கே கிடையாதுட்டி. அன்னைக்கும் கிடையாது" என்றேன். ஏசுவாள் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப எனக்கு வந்த வாடை நெசந்தானாண்ணே?"

நெசந்தான் என்றேன்.

எழுந்துபோய்த் தன் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். இல்லாத வாடை வருகிறது என்கிறாளே என்று மாப்பிள்ளை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாராம். போன வருசம் ஆடியிலிருந்து தினம் ஒன்று. எனக்கு இது தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீயே இல்லன்னுட்ட. பொறவு யார்ட்ட போய்ச் சொல்ல?"

அட்டையில் இன்னும் நாலு இருக்கிறது.