கரகரப்பு

ஜூன் 3, செவ்வாய்

மண்டபம் அகதி முகாமிலிருந்து அனுஷியா என் மைக் செட் கடைக்கு வந்தாள். குணரத்தினத்தின் மகள். அப்பாவின் இடுப்பு ஆபரேஷனுக்காக நண்பர்களோடு சேர்ந்து கச்சேரி வைக்கிறாளாம். "செட் தருவியளோ மாமா?"

வாடகை வேண்டாம் என்று முந்திக்கொண்டு சொன்னேன். இருபது வருஷம் என்னோடு மைக் செட் கட்டியவன் குணம். தேவிபட்டினம் காதுகுத்து வீட்டில் ஸ்பீக்கர் குழாய் கட்ட ஏறி, புளியமரத்திலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்ததோடு சரி, இரண்டு மாதமாக நான் எட்டிப் பார்க்கவில்லை. கேட்பவர்களிடம் "கால் வழுக்கிருச்சு" என்கிறேன்.

ஜூன் 8

அனுஷியாவும் நண்பர்களும் பாடுவது 'பங்க்' என்று ஒரு வகையாம். போனில் அனுப்பினாள். யா அல்லாஹ்! தகர டப்பாவை ரோட்டில் இழுக்கிற சத்தம். பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஜூன் 10

நாலு தடவை கேட்டாச்சு. "காதுல எதுவும் கோளாறா?" என்கிறாள் லத்தீபா. என் பொண்டாட்டிக்கு எல்லாம் கிண்டல்தான். இதில் பாடுகிறவர்கள் யாருக்கும் பயப்படவில்லை. அதுதான் பிடிக்கிறதோ?

ஜூன் 14

அன்னைக்கு ஏணி கடையிலதான் கிடந்துச்சு. வண்டியில ஏத்தி இறக்கணுமேன்னு சோம்பல். "கயிறு போதும், ஏறு குணம்"னு சொன்னது நான். அவன் வெளிய ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எழுதவே கை கூசுது.

ஜூன் 15, ஞாயிறு

கல்யாண மண்டபத்தில் கச்சேரி. முகாம் சனம் ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதால் மூன்று மணிக்கே ஆரம்பம். எந்த விசேஷமானாலும் முதலில் ஒரு பக்திப்பாட்டு போடுவது வழக்கம். போட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்து அனுஷியாவின் நண்பன் ரஜீவன் கிடாரைத் தட்டினான். ஒரே கரகரப்பு! என் நவாஸ் சவுண்ட்ஸில் கரகரப்பா? வயரை மாற்றினேன். சத்தத்தைக் குறைத்தேன். மறுபடி வயர். "மாமா, அது பழுதில்லை, அதுதான் பாட்டு! கூட்டுங்கோ!" என்று கத்தினான். மானம் போச்சு. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் என் கால் தானாகத் தாளம் போட்டது. என்னவோ சந்தோஷம்.

கடைசியாகப் புதுப்பாட்டு. அனுஷியா என்னை நேராகப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள். "ஏணி எங்கே? ஏறச் சொன்ன ஆள் எங்கே?" அவ்வளவுதான் பாட்டு. திரும்பத் திரும்ப அதே. கூட்டம் முழுக்கச் சேர்ந்து கத்தியது. ஏணி எங்கே! ஏணி எங்கே!

வால்யூம் என் விரலுக்குக் கீழே. குறைச்சிட்டு வயர் கோளாறுன்னு சொன்னா யாருக்குத் தெரியும்? முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த குணம் மேடையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

கூட்டினேன். முழுசா.

ஜூன் 16

முகாமுக்குப் போனேன். அக்கம்பக்கத்தார் நிற்கும்போதே சொன்னேன்: "வழுக்கலப்பா. ஏணி கொண்டுபோகாதது என் தப்பு." அனுஷியா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

குணம், "நேற்று அந்தளவு கூட்டினியள், ஸ்பீக்கர் பெட்டி கிழியப்போகுதெண்டு பயந்திட்டன் அண்ணை" என்றான். அழுதுட்டேன்.

செப்டம்பர் 21

ஆபரேஷன் முடிந்து குணம் ஊன்றுகோலோடு கடைக்கு வந்தான். புது அலுமினிய ஏணியைத் தட்டிப் பார்த்தான். "இனி ஆர் ஏறுறது?"

"நான்தான். நீ கீழ நின்னு பிடிச்சுக்க."