பறப்பதும் தடுக்கலாமாம்

மாப்ள,

நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆயிற்று. உன் மனைவி அந்த அட்டைப் பெட்டியைப் பழனி பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். திறந்ததும் பாச்சை உருண்டை வாடை. பூதம், பேய், பறக்கும் நாகம் என்று படம் போட்ட நம் விளையாட்டு அட்டைகளைக் கல்யாணப் பட்டுச்சேலை மாதிரி காப்பாற்றி வைத்திருக்கிறாய். வேறு எதைத்தான் நீ காப்பாற்றினாய்?

நாம் வேலை பார்த்த தோல் மண்டியில் மதியச் சோற்றுக்குப் பிறகு, உப்பு மூட்டைமேல் பலகை போட்டு ஆடுவோம். ஒருவன் தன் பிராணியை ஏவினால் மற்றவன் தன்னுடையதில் ஒன்றை எதிரே நிறுத்தித் தடுக்க வேண்டும். தடுக்காவிட்டால் அடி நேராக ஆள்மேல் விழும். நான் தரையில் நடக்கும் தடியன்களாகப் பார்த்துச் சேர்ப்பேன். நீ சேர்த்ததெல்லாம் நழுவும் ரகம். பறப்பதைப் பறப்பதுதான் தடுக்கலாம். ஒன்றைத் தடுக்க இரண்டு பேர் வேண்டும். இன்னொன்றை யாராலும் தடுக்கவே முடியாது. "மோதறவன் முட்டாள் மாப்ள, ஒதுங்கிப் போறவந்தான் பொழைப்பான்" என்பாய். அதைப் பெரிய தத்துவம் என்று தலையாட்டிய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் தடியன் வரும்போது உன் பறவையை நிறுத்தேன் என்பேன். "பறக்கறது எப்படிப்பா கீழ வந்து நிக்கும்? ரூல்ஸ் அப்படி" என்பாய். இங்கிலீஷ் விதித்தாளைப் படித்தவன் நீ ஒருத்தன்தான் என்று நம்பினேன்.

அந்த பக்ரீத் அன்று தொழுகைக்குப் போக, என் பொறுப்பில் இருந்த மண்டியை உன்னிடம் விட்டேன். ஊரெல்லாம் குர்பானி கொடுத்த ஆட்டுத்தோல் வந்து குவியும் நாள். ஈரம் காயுமுன் உப்பு போட வேண்டும் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்கட்டில் ஒரு குவியலை மறந்துபோனாய். மூன்றாம் நாள் தோல் அழுகி, இழுத்த இடமெல்லாம் முடி கையோடு வந்தது. மறப்பது தப்பில்லை, எனக்கும் மறக்கும். "பயப்படாத மாப்ள, நாளைக்கு நானே மொதலாளிகிட்டச் சொல்லிப்போடறேன்" என்றாயே, அதுதான் தப்பு.

மறுநாள் முதலாளி முன்னால் நான் மட்டும் நின்றேன். நீ தொப்பம்பட்டிக்கு பஸ் ஏறியிருந்தாய். "பெருநாள்னா தோலு காத்துக்கிட்டுக் கெடக்குமா? ஒன்னையப் பொறுப்பானவன்னுல்ல நெனச்சேன்" என்றார். உன் பெயரை நான் சொல்லவில்லை. நீயே வந்து சொல்வாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு வருஷ வேலை போயிற்று. பேகம்பூரில் எந்த மண்டிக்குப் போனாலும் தோலை அழுகவிட்டவன் என்ற பெயர் எனக்கு முன்னே போய் உட்கார்ந்திருந்தது. இன்று பரோட்டாக் கடை நடத்துகிறேன்.

ஒரு மாதம் கழித்து போன் செய்தாய். "எங்கம்மாளுக்குச் சொகமில்ல, அதான் வந்துட்டேன்" என்றாய். உன் அம்மாள் நீ வேலைக்குச் சேருமுன்பே செத்தவள். பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிந்ததா உனக்கு?

இன்று பெட்டியின் அடியில் விதித்தாள் கிடந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. நீயும் அதைப் படித்ததில்லை. எழுத்துக்கூட்டிப் படித்தேன். பறப்பது தரையில் வருவதைத் தாராளமாகத் தடுக்கலாமாம். இது தெரியாமல் எத்தனை ஆட்டம் தோற்றிருக்கிறாய். சிரிப்பு வந்தது.

நீ மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம் உன் மனைவி நான்கு முறை கூப்பிட்டாள். "அண்ணா, அவரு உங்களத்தான் கேட்டுட்டே இருக்காருங்க. ஒரு வார்த்த சொல்லோணுமாம். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றாள். கடையில் ஆளில்லை என்றேன். மூன்று பேர் என் கண்ணெதிரே மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள்.

நீ சொல்லவிருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டுவிட்டால் உன்னை வெறுக்க எனக்கு ஒன்றும் மிஞ்சாதே என்று பயந்தேன். உன்னைக் கோழை என்று இன்றும் சொல்வேன், யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஆயுளில் ஒரே ஒரு தரம் நீ நேருக்கு நேர் பேச நினைத்தாய், மாப்ள. அன்றைக்கு வராமல் போனவன் நான்.