இடது காதும் ஆறு டிரம்மும்

மார்ச் 18, செவ்வாய்

காலையிலேயே வெயில். மாடி அறை ஓட்டுக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ், பத்து மணிக்கு மேல் உட்கார முடியாது. அலுவலகத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தேன்.

பெட்டி என்றால் டிரம் மெஷின். சாதிக் பாய் கொடுத்தது. அவர் செவ்வாய்ப்பேட்டையில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறார், கல்யாணத்துக்கு மைக், ஸ்பீக்கர் வாடகைக்கு. முன்பு ஓர் இன்னிசைக் குழுவில் இருந்தார். குழு கலைந்ததும், இந்தக் காலத்தில் இதை யார் கேட்கிறார்கள் என்று என்னிடம் தள்ளிவிட்டார். உள்ளே பதிவு செய்த சத்தம் எதுவும் கிடையாது. கரண்டே சத்தமாகிறது. ஆறு டிரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு, அதைத் திருப்பினால் சுருதி மாறும். இன்னொரு திருகை முழுக்க வைத்தால் ‘டும்’ என்று நிற்காமல் ‘டூம்ம்ம்’ என்று நீளும். ஆறையும் ஆறு ஸ்வரத்துக்கு வைத்து, எக்கோ வழியாக விட்டால் டிரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தூரத்தில் ஆர்மோனியமும் மணியும் சேர்ந்து தூங்கப்போவது போல இருக்கும்.

எங்கள் பங்குக் கோயிலில் பாஸ்கா நாடகம், இயேசு பாடுபட்டு இறந்த கதை, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். பின்னணி இசை என்னுடையது. நாடகம் போடுவது ஞானம் சார், பள்ளிக்கூட ஆசிரியர். முதலில் தவக்காலத்தில் டிரம்ஸா என்று முகம் சுளித்தார். கெத்சமனித் தோட்டத்துக் காட்சிக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார். அப்புறம், இது போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றார்.

இன்னும் பாக்கி: தாயைச் சந்திப்பது. மூன்றாம் முறை விழுவது. கல்லறை.

பால் திரிந்துவிட்டது. கடுங்காப்பி.

மார்ச் 21, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வந்தேன். காலையிலிருந்து இடது காது அடைப்பு. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும்.

பெட்டி இன்று படுத்துகிறது. சூடானால் சுருதி நகரும், தெரிந்ததுதான். அதனால் ஆன் செய்து சூடேற விட்டுத்தான் திருகைத் தொடுவேன். இன்று எவ்வளவு விட்டும் ஐந்தாவது டிரம் நிற்கவில்லை. இப்படித் திருப்பினால் ஏறுகிறது, அப்படித் திருப்பினால் இறங்குகிறது. ஒரே சத்தம் இரண்டாகக் கேட்கிறது. தெருக்கோடியில் தறி ஓடுகிறது, வோல்டேஜ் ஆட்டமாக இருக்கும்.

காதில் தேங்காய் எண்ணெய் காய்ச்சி விட்டேன். பஞ்சு.

மார்ச் 22, சனி

வீட்டுக்காரர் சேவியர் போன். போர்வெல் தோண்டும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போய் இரண்டு மாதமாகப் போகிறது. சமைத்துக்கொண்டே எடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஹலோ, ஹலோ என்று கத்திவிட்டு வைத்தேன். மறுபடி அடித்தார். மறுபடி சத்தமில்லை. சிக்னல் இல்லாத காட்டில் போர்வெல் போடுகிறார்கள் போல என்று நினைத்தேன். கரண்டியை மாற்றிப் பிடித்தபோது போன் வலது காதுக்கு வந்தது.

“ஏன் சீலி, பேசமாட்டேங்கற? கோவமா?”

பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

ஒன்றுமில்லை, குக்கர் சத்தம் என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

பூசையில் பாடகர் குழுவோடு நின்றேன். இடது பக்கம் நிற்கும் ரெஜினா அக்கா பாடவே இல்லை என்று நினைத்துத் திரும்பினால், வாய் முழுக்கத் திறந்து பாடுகிறாள்.

எண்ணெய் மறுபடியும். சளிதான் இது.

மார்ச் 24, திங்கள்

சாதிக் பாய் வந்தார். பெட்டி கெட்டுப்போச்சு என்று நான்தான் கூப்பிட்டேன். மூடியைத் திறந்து பார்த்தார், தூசி ஊதினார், எல்லா டிரம்மையும் அடித்துக் கேட்டார்.

“தங்கச்சி, சுருதி சரியாத்தாம்மா இருக்கு. நீ எதைத் திருத்தறே?”

இல்லை பாய், ஐந்தாவது கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி இருக்கு, கேளுங்க என்றேன். போனில் சுருதி பார்க்கும் ஆப்பைப் போட்டுப் பக்கத்தில் வைத்தார். முள் நடுவில். அசையவில்லை. நான் திருப்பினேன், முள் விலகியது. எனக்கு அப்போதுதான் சரியாகக் கேட்டது.

வலது காதை விரலால் பொத்திக்கொண்டு அடித்தேன். தகரத்தைத் தேய்ப்பது போல, அதுவும் வேறு ஸ்வரத்தில். இடதைப் பொத்தினேன். சரியான ஸ்வரம்.

பெட்டியில் ஒன்றும் இல்லை.

பாய் மூடியை மாட்டித் திருகாணியை முடுக்கினார். நாளைக்கே டாக்டரைப் பார், நானே வண்டியில் கூட்டிப் போகிறேன் என்றார். டீ வைக்கலாம் என்று எழுந்தேன், அவருக்கு நோன்பு என்று ஞாபகம் வந்து உட்கார்ந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

காது டாக்டர். கண்ணாடி அறை, ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வலது பக்கம் பரீட்சையில் விடை தெரிந்த பிள்ளை மாதிரி அழுத்தினேன். இடது பக்கம் வந்ததும் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்யும் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். அழுத்தாமல் இருப்பதைத்தான் எழுதுகிறாள் என்று அப்புறம் புரிந்தது.

டாக்டர் நல்ல மனிதர், மெதுவாகச் சொன்னார். குறும்பியும் இல்லை, சளியும் இல்லை. உள்ளே நரம்பு. திடீரென்று இப்படிச் சிலருக்கு ஆகும், ஏன் என்று பல நேரம் தெரியாது. அடைத்த அன்றே வந்திருக்க வேண்டும். எண்ணெய் விட்டேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

“திரும்பி வருங்களா டாக்டர்?”

“வரலாம்மா. பாதி வரலாம். வராமயும் போகலாம். மாத்திரை தரேன், பாப்போம். அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல.”

ஸ்டீராய்டு மாத்திரை. வெளியே சாதிக் பாய் வேப்பமரத்தடியில் நின்றார். என் வலது பக்கம் வந்து நின்று கேட்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

மார்ச் 28, வெள்ளி

மாத்திரையால் தூக்கமில்லை, ஓயாத பசி. முகம் ஊதுகிறது. காதுக்குள் ஒரு இரைச்சல், பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன்பு சீறுமே, அது. நிற்கவில்லை.

அலுவலகத்தில் முதலாளி ஜவ்வரிசி மூட்டைக் கணக்கு சொல்லச் சொல்ல எழுதினேன். முப்பதை எண்பது என்று எழுதிவிட்டேன். திட்டவில்லை. என்னம்மா உடம்புக்கு என்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பெட்டியைத் தொடவில்லை. துணி போட்டு மூடியிருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

காதுக்குள் ஊசி. செவிப்பறை வழியாக மருந்து. ஒருக்களித்துப் படுத்து, எச்சில் விழுங்காமல் இருக்கச் சொன்னார்கள். சொன்ன பிறகு வாயெல்லாம் எச்சில். மேலே மின்விசிறியில் ஒட்டடை. செபமாலை சொல்லலாம் என்று ஆரம்பித்து எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியாமல் போனது.

வீட்டுக்கு வந்து பெட்டியை ஆன் செய்தேன். ஒரே ஒரு அடி. அதே தகரம்.

ஏப்ரல் 3, வியாழன்

சேவியரிடம் சொன்னேன். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். நெடுநேரம் பேச்சே இல்லை. போன் எந்தக் காதில் இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தேன். வலதில்தான்.

“நாளைக்கே கெளம்பி வாரேன் சாமி.”

“வந்து என்னங்க பண்ணுவீங்க?”

அப்புறம் அவரே சொன்னார், சீசன் நேரம், வண்டியை விட்டு வந்தால் ஓனர் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்று. வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வைத்த பிறகு வந்திருக்கலாமே என்று அழுகை. காதுக்கு நல்லதில்லை என்று அடக்கிக்கொண்டேன். காதுக்கும் அழுகைக்கும் என்ன சம்பந்தம், தெரியவில்லை.

ஏப்ரல் 5, சனி

ஒத்திகை. ஞானம் சாரிடம் விஷயத்தைச் சொல்லி, என்னை விட்டுவிடுங்கள், வேறு இசை பாருங்கள் என்றேன். அவரும் பதறினார். பென் டிரைவில் ஏதாவது சோக வயலின் ஏற்றிக்கொள்ளலாம், நீ உடம்பைப் பார் என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அவ்வளவு சுலபமாகச் சொன்னாரே என்று இருந்தது. நான் கேட்டதைத்தானே கொடுத்தார்.

மேடையில் தாயாக நடிக்கும் ரெஜினா அக்காதான் சம்மதிக்கவில்லை. அந்தச் சத்தம் வந்தால்தான் என் காலே நகரும், வயலின் வந்தால் நான் சீரியல்ல நடிக்கிற மாதிரி இருக்கும் என்றாள். நாடகத்துக்கு சவுண்டு போட வந்திருந்த சாதிக் பாய், சுருதியை முள்ளைப் பார்த்து நான் வைக்கிறேன், அடிப்பது மட்டும் தங்கச்சி அடிக்கட்டும் என்றார்.

இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அடித்தேன். ஸ்வரம் சரி. ஆனால் எல்லாம் ஒரே பக்கமாக, சுவரில் ஒட்டிய படம் மாதிரி. முன்பெல்லாம் எக்கோ என்னைச் சுற்றி வரும். நடுவில் நான் இருப்பேன். இப்போது வெளியே நிற்கிறேன்.

மற்றவர்களுக்கு நன்றாக இருந்ததாம்.

ஏப்ரல் 9, புதன்

மறுபடி கண்ணாடி அறை. இந்த முறை இடது பக்கம் இரண்டு இடத்தில் அழுத்தினேன். ஒன்று நிஜமாகக் கேட்டது. இன்னொன்று ஆசையில் அழுத்தியது.

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மாத்திரையைக் குறைத்து நிறுத்தச் சொன்னார். சில மாதம் பொறுத்து காது மெஷின் வைத்துப் பார்க்கலாம், பேச்சுக்கு உதவும் என்றார். இசைக்கு என்று கேட்டேன். என்ன வாத்தியம் என்றார். விளக்க ஆரம்பித்து, டிரம் என்று முடித்துவிட்டேன். டிரம்மா, அப்ப பரவாயில்லை என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டு அம்மா என்னிடம் ஏதோ கேட்டுக் கேட்டுச் சலித்து, திமிரு புடிச்சவ என்று அந்தப் பக்கம் சொன்னது மட்டும் எப்படியோ கேட்டது.

ஏப்ரல் 12, சனி

நாடகம் முடிந்தது. எழுதிவிட்டுப் படுக்க வேண்டும்.

பள்ளி மைதானம், நல்ல கூட்டம். பகலெல்லாம் கொதித்த தரை. சாயங்காலமே பெட்டியை ஆன் செய்து, பாய் முள்ளைப் பார்த்து ஆறையும் வைத்துவிட்டு சவுண்டு மிக்சரிடம் போனார். நான் மேடைக்குப் பக்கவாட்டில், அவர் எதிரில்.

தோட்டம் நன்றாகப் போனது. விசாரணை முடியும்போது திடீரென்று காற்று. மழை வருகிற மாதிரி குளிர்ந்த காற்று. கூட்டம் சந்தோஷமாக அசைந்தது. நான் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். பெட்டி குளிர்ந்தால் எல்லாம் நகரும்.

தாயைச் சந்திக்கும் காட்சி. ரெஜினா அக்கா நடக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டாவது டிரம், நான்காவது, ஐந்தாவது. ஐந்தாவது தப்பாகக் கேட்டது. பெட்டி நகர்ந்ததா, பஞ்சு நழுவியதா, என் காதா? தெரியவில்லை. முள்ளைப் பார்க்கப் போன் என்னிடம் இல்லை. கை நின்றுவிட்டது. மேடையில் அவள் கால் நின்றது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

நிமிர்ந்து பாயைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து விரலைக் காட்டி, கையைக் கீழே இறக்கினார். ஐந்தாவதை அடித்து, அது நீண்டுகொண்டிருக்கும்போதே திருகை இறக்கினேன். இன்னும் என்றார். இறக்கினேன். கையை மூடினார். நிறுத்தினேன். எனக்கு அது இன்னும் தப்பாகத்தான் கேட்டது. அப்படியே அடுத்ததை அடித்தேன். அக்கா நடந்தாள்.

கல்லறை வரைக்கும் அப்படித்தான். ஆறு டிரம்மும் அவர் கையைப் பார்த்து. நான் வாசித்ததை நான் கேட்கவில்லை.

முடிந்ததும் பாய் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். எப்படி இருந்தது பாய் என்றேன்.

“அந்தச் சத்தம் மேலேர்ந்து கீழே வழுக்கி வந்துச்சு பாரு, ஜனங்க அழுதுட்டாங்க. திரும்ப அடின்னா உன்னாலயும் முடியாது, என்னாலயும் முடியாது.”

திருத்தினதுதானே அது. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலைப் பவனி. வெயில். எல்லோரும் வலது பக்கம் வருகிற மாதிரி வரிசையின் இடது ஓரமாக நடந்தேன். பாட்டு கேட்டது, பாதி.

சேவியருக்கு யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். ரிக் ஆட்கள் எல்லோரும் பார்த்தார்களாம். மே மாதக் கடைசியில் வருகிறாராம்.

பூசை முடிந்து கூட்டத்தில் புது உதவிப் பங்குத்தந்தை வந்தார். இடது பக்கமாக வந்துவிட்டார். சுற்றி மேளம், பிள்ளைகள் சத்தம். நீளமாக ஏதோ சொன்னார், கையை நீட்டி மேற்கே காட்டினார், கேள்வி போல முடித்தார். மறுபடி கேட்கக் கூச்சம். சரிங்க ஃபாதர் என்றேன். முகம் மலர்ந்து, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று, பக்கத்தில் நின்ற ஞானம் சாரிடம் கேட்க வேண்டும்.