ஏழு கிலோவுக்குள்

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் கழித்து உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. சாப்பாட்டுக் கூடத்தில் விசில் ஊதி உங்கள் உறவினர்களை வரிசையில் நிற்க வைத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முப்பது வருடம் டிரில் டீச்சராக இருந்தவளுக்குக் கூட்டத்தைக் கண்டால் கை தானாக விசிலுக்குப் போய்விடுகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் நான்கு முறை கூப்பிட்டேன். நான் எதைக் கேட்டாலும் "நல்லதும்மா, ரொம்ப நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

பிள்ளைகள் வெளிநாடு போகும்போது நாயை என்னிடமும் பூனையை உங்களிடமும் விட்டுப் போனார்கள் அல்லவா? ஆகஸ்டில் வந்து இரண்டையும் கூட்டிப் போகிறார்களாம். நாய் கூண்டில், விமானத்தின் அடிப்பகுதியில் போகும். பூனை மருமகளின் காலடியில் போகலாம், ஆனால் பையோடு சேர்த்து ஏழு கிலோவுக்குள் இருந்தால்தான் ஏற்றுவார்கள். பை மட்டும் ஒன்றேகால் கிலோ. உங்கள் சீமாட்டி இப்போதே ஏழு கிலோ நூறு கிராம் என்று மருமகள் சொன்னாள். டாக்டரைக் கேட்டுக்கொண்டு நானே ஒரு அட்டவணை போட்டிருக்கிறேன்.

நாயைப் போலப் பூனையை ஒரு மணி நேரம் நடத்த முடியாது. ஐந்து ஐந்து நிமிடமாக, ஒரு நாளைக்கு நான்கு தடவை போதும். ஒரு குச்சியில் கயிறு கட்டி, நுனியில் காகிதத்தைச் சுருட்டி வைத்து இழுங்கள். கடைசியில் அதைப் பிடிக்க விடுங்கள், இல்லையென்றால் வெறுத்துப்போகும். பிறகுதான் சாப்பாடு. விளையாடி முடித்ததும் கயிற்றை எடுத்துப் பூட்டிவிடுங்கள், விழுங்கிவிட்டால் ஆபத்து. தீனியைக் கிண்ணத்தில் கொட்டாமல் மாடிப் படியில் ஒவ்வொரு படியாக வைத்தால் தானாக ஏறும். பட்டினி மட்டும் போடவே கூடாது, பூனைக்கு ஈரல் கெட்டுவிடுமாம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை பார்த்து எழுதவும்.

இப்படிக்கு,
சம்பந்தியம்மா

—

பிப்ரவரி 15

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

கடிதம் கண்டு மிகவும் சந்தோஷம். விசில் விவகாரத்தை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். என் மைத்துனர்தான் மறக்கவில்லை. வரிசையில் அவருக்குக் கடைசி இடம் கிடைத்துவிட்டது.

உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நெசவு மில்லில் முப்பத்துநான்கு வருடம் தறிகளுக்கு நடுவில் நின்றதில் என் இரண்டு காதும் போய்விட்டன. நேரில் என்றால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பேன். போனில் ஒன்றும் கேட்காது. எல்லாவற்றுக்கும் "நல்லது" என்று சொல்வது நானாகக் கண்டுபிடித்த வழி, இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மகளுக்குத் தெரிய வேண்டாம். அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து கவலைப்படுவாள்.

அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டேன். முதல் நாள் கயிற்றை இழுத்தபோது சீமாட்டி என்னை, மில்லில் லீவு கேட்டு வந்தவனை மேனேஜர் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு கையை நீட்டினாள், படுத்த வாக்கில். ஆனாலும் கெட்டிக்காரி. வாசலில் மணி அடித்தால் முதலில் அவள் காது திரும்பும், பிறகு எழுந்து ஓடுவாள். அவள் ஓடினால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நானும் எழுந்து போவேன். என் மனைவி போன பிறகு இந்த வீட்டுக் கதவு சரியான நேரத்தில் திறப்பது இப்போதுதான்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை எடை மெஷினில் நின்று கழித்துப் பார்த்தேன். ஏழு கிலோ இருநூறு. நாய் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
சம்பந்தி

—

மார்ச் 20

சம்பந்தி அவர்களுக்கு,

நாய் பிரமாதமாக இருக்கிறான். குரைத்துக் குரைத்து எதிர்வாதம் செய்வதால் வக்கீல் என்று பெயர் வைத்தது சரிதான். வந்த புதிதில் தெருமுனை போவதற்குள் மூச்சு வாங்கினான். வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி இப்போது காலையில் நாற்பது நிமிடம், மாலையில் முப்பது நிமிடம் நடக்கிறான். கிளம்பும் முன் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார்க்கிறேன். என் கைக்குச் சுட்டால் அவன் காலுக்கும் சுடும். ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து பார்க்க நின்றால் ஆரம்பத்தில் "லெஃப்ட், ரைட்" என்று அதட்டினேன். மோந்து பார்ப்பதும் நாய்க்கு ஒரு பயிற்சி என்று டாக்டர் சொன்ன பிறகு நானும் நிற்கிறேன். இந்தத் தெருவில் இருபது வருடமாக இருக்கிறேன், மூன்றாவது வீட்டில் ஒரு தையல்காரி இருப்பதே இப்போதுதான் தெரிந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏழு இருநூறு, ஏழு முந்நூறு, போன வாரம் ஏழரை. அட்டவணைப்படி செய்தால் பூனை இளைக்க வேண்டும், ஊதக்கூடாது. ஏதாவது நோயாக இருக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே டாக்டரிடம் கொண்டுபோய் ரத்தம் எடுத்துப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

சம்பந்தியம்மா

—

ஏப்ரல் 6

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடி கொண்டுபோனேன். கழுத்தில் முடியைச் சிரைத்து ரத்தம் எடுத்தார்கள். மேசைமேல் அவள் என் சட்டைப் பொத்தானைப் பல்லால் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ரத்தத்தில் ஒரு நோயும் இல்லை. ஆனால் பின்னங்கால் மூட்டில் எடை தாங்காமல் வலி ஆரம்பித்துவிட்டதாம். மாடிப் படியில் அவள் பாதியில் உட்கார்ந்தது சோம்பல் என்று நான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் அட்டவணையின் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. நோய் நான்தான். உங்கள் கணக்குப்படி வேளாவேளைக்குத் தீனி போட்டுவிட்டு, மத்தியானம் தனியாக இன்னொரு கிண்ணம் வைத்துக்கொண்டிருந்தேன். எடை குறையாவிட்டால் ஏற்ற மாட்டார்கள், அவள் என்னோடேயே இருந்துவிடுவாள் என்று ஒரு திருட்டுப் புத்தி. அறுபத்தாறு வயதில் இப்படியா என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் என்னை வந்து தொடுகிறவர் ஒருவரும் இல்லை. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

சம்பந்தி

—

ஏப்ரல் 14

அன்புள்ள சம்பந்தி,

உங்கள்மேல் கோபப்பட இரண்டு நாள் முயன்றேன், வரவில்லை. உண்மையை எழுதியதற்கு நன்றி. ஆனால் நானும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருமகளுக்கு அங்கே இன்னும் வேலை கிடைக்கவில்லை. என் மகன் காலையில் போனால் இருட்டியபின் வருகிறான். ஒரே அறையில் பகல் முழுக்கத் தனியாக இருக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை, வெளியே போவதும் இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து உங்களிடம் போனில் அழுதிருக்கிறாள். "அப்பா, என்னால இங்க இருக்கவே முடியல" என்று அவள் சொல்ல, நீங்கள் "நல்லதும்மா, ரொம்ப நல்லது" என்றீர்களாம். தூரமாகப் போனதில் அப்பாவுக்குத் தன்மேல் தீராத கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சீமாட்டி வரும் நாளை எண்ணி, காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வருகிறாளாம். என் மகன் நேற்றுத்தான் இதைச் சொன்னான்.

உங்கள் காதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அதை நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். பூனை விஷயத்திலும் முடிவு உங்களுடையது, நான் விசில் ஊத மாட்டேன். மூட்டு வலி உள்ள பூனைக்கு ஏற்ற மாதிரி அட்டவணையை மாற்றி வைத்திருக்கிறேன். படி வேண்டாம், தரையில் மட்டும், மூன்று நிமிடம்.

சம்பந்தியம்மா

—

ஏப்ரல் 19

சம்பந்தியம்மா,

மகளுக்கு எட்டுப் பக்கம் எழுதி இன்று தபாலில் போட்டுவிட்டேன். காதைப் பற்றித்தான் முதல் வரி. மத்தியானக் கிண்ணத்தைக் கழுவிப் பரண்மேல் வைத்துவிட்டேன். இன்றைக்கு மூன்று நிமிடம் ஆயிற்று.

சம்பந்தி

—

ஜூலை 12

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

ஐந்து கிலோ எண்ணூற்று ஐம்பது! இன்னும் நூறு கிராம்தான். படி ஏற ஆரம்பித்துவிட்டாள். நேற்று பீரோவின்மேல் நின்றுகொண்டு, எப்படி இறங்குவது என்று தெரியாமல் என்னைத் திட்டினாள். உதட்டைப் பார்த்தே திட்டு என்று தெரிந்துவிட்டது. காகித நுனி சலித்துவிட்டால் பழைய சாக்ஸை முடிந்து கட்டுகிறேன். நாளுக்கு ஒன்றாக மாற்றினால் ஏமாந்துவிடுகிறாள்.

மகளிடமிருந்து இப்போது வாரம் ஒரு கடிதம் வருகிறது. எல்லாவற்றையும் எழுதுகிறாள். நான் அவளுக்குப் பூனையின் எடையை எழுதுகிறேன், அவள் எனக்கு எத்தனை தெரு நடந்தாள் என்று எழுதுகிறாள். "அத்தைதான் வெளியே போகச் சொல்லி அட்டவணை அனுப்பினாங்க" என்று எழுதியிருந்தாள். ஒரு வார்த்தை என்னிடம் சொன்னீர்களா நீங்கள்? உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அன்புடன்,
சம்பந்தி

—

ஆகஸ்ட் 2

அன்புள்ள சம்பந்தி,

நன்றியெல்லாம் இருக்கட்டும், இதைக் கவனியுங்கள். பயண நாளன்று நான்கு மணி நேரம் முன்னால் கொஞ்சமாகச் சாப்பாடு. கிளம்பும் முன் நன்றாக விளையாட விட்டுக் களைக்க வையுங்கள். பைக்குள் உங்கள் பழைய சட்டை ஒன்றைப் போட்டு அனுப்புங்கள், வாசனைக்காக. வக்கீல் இப்போது கூண்டில் இரண்டு மணி நேரம் வாதாடாமல் படுத்திருக்கிறான். பழக்கிவிட்ட நானே அவனை வெளியே வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவன் போன பிறகும் காலையில் நடப்பதாகத் தையல்காரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இல்லையென்றால் நான் எழுந்திருக்க மாட்டேன்.

சம்பந்தியம்மா

—

செப்டம்பர் 10

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

விமான நிலையத்துக்கு உங்களால் வர முடியவில்லையே, அங்கே பையோடு எடை போட்டபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு கிலோ தொள்ளாயிரம். "யாரு சார் இப்படி இளைக்க வெச்சது?" என்று, பழைய எடையைக் கேள்விப்பட்ட கவுன்ட்டர்காரர் கேட்டதாக மகள் என் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள். "எங்க சம்பந்தியம்மா" என்றேன். பையின் வலைக்குள் மூக்கை வைத்துக்கொண்டு போனாள் சீமாட்டி. மணி அடித்தால் ஓடிக் காட்ட ஆளில்லாததால், வீட்டுக்கு வந்து மூன்று நாள் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

நான்காம் நாள் கிளம்பிப் போய்க் காதுக்கு மெஷின் வாங்கிவிட்டேன். பத்து வருடமாக வேண்டாம் என்று வீம்பு பிடித்தவன். உலகத்தில் இத்தனை தகரம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, எல்லாம் உருளுகிறது. நீங்கள் இல்லையென்றால் என் மகள் இன்னும் அழுதுகொண்டிருப்பாள், நானும் இன்னும் "நல்லது" சொல்லிக்கொண்டிருப்பேன். இந்த நன்றியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். "அப்பா, கேக்குதா?" என்றாள். கேட்டது. அரை மணி நேரம் பேசினோம். போன வாரம் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம். பிறகு, "இருங்கப்பா, இதைக் கேளுங்க" என்று போனை எங்கேயோ வைத்தாள். கரகரவென்று விடாமல் ஒரு சத்தம். "என்னம்மா, லைன் கோளாறா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். "சீமாட்டிப்பா! மடியில படுத்திருக்கா. தடவிக் கொடுத்தா எப்பவும் இப்படித்தானே சத்தம் போடுவா?"

இத்தனை மாதமும் என் மடியில் கிடந்தபோது அவள் உடம்பு நடுங்குவது மட்டும் என் கைக்குத் தெரியும். குளிருகிறது போலிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் துண்டை எடுத்துப் போர்த்திவிடுவேன், சம்பந்தியம்மா. போனை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கும்படி மகளிடம் சொன்னேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் சம்பந்தி